பத்து ராத்திரி பாரதக் கூத்துக்கு வரி கட்டுவது வீண்செலவா? ஊரில் தகராறு

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 10.12

செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோவிலில் வருஷாவருஷம் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்துப் பத்து ராத்திரி. கடைசி நாள் காலையில் படுகளம் (துரியோதனன் சாகிற கட்டம்), சாயந்திரம் தீமிதி.

இன்று ஊர்க்கூட்டத்தில் பெரிய ரகளை. இந்த வருஷம் கூத்து இரண்டே ராத்திரி போதும், மற்ற நாளில் ஒன்றிரண்டு இன்னிசைக் கச்சேரி வைப்போம், மிச்சமாகும் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டுவோம் என்று எங்கள் செட்டுப் பையன்கள் சொன்னார்கள். பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பாரதத்தைப் பாதியில் நிறுத்தினால் ஊருக்கு ஆகாதாம்.

கணக்கு இதுதான். 380 தலைக்கட்டு (வரி கட்டுகிற குடும்பம்), தலைக்கட்டுக்கு 2,500 ரூபாய். ஆக 9,50,000. கூத்து ஆடுகிற ஜமாவுக்கு (குழுவுக்கு) ராத்திரிக்கு 32,000, பத்து ராத்திரிக்கு 3,20,000.

எனக்கு 29 வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை. உண்மையைச் சொல்கிறேன், ராத்திரி ஒரு மணிக்கு மேல் கூத்து நடக்கிற களரியில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதி பேர் போர்வைக்குள். அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். இளைஞர்கள் சார்பில் நான் பேச வேண்டுமாம். என்ன பேசுவது? நீங்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.40

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுவர்தான். கலை சமுதாயத்தின் கண்ணாடி, கலையில்லாத ஊர் காடு என்றெல்லாம் இப்போது வரிசையாக வருவார்கள். பத்தாம் வகுப்புக் கட்டுரைக்கு அது சரி. நாற்பது பேர் தூங்குவதற்கு மூணேகால் லட்சம் என்பது கட்டுரை அல்ல, கணக்கு. கலை வேண்டும் என்பவர் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் பார்க்கட்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் ஏன் 2,500 ரூபாய் பிடுங்க வேண்டும்?

பூவரசு | ஞாயிறு, இரவு 11.05

கணக்குப்பிள்ளை அண்ணே, ஒன்பதரை லட்சத்தில் கூத்துக்குப் போவது மூணேகால்கூட இல்லை. மீதி ஆறு லட்சத்துச் சொச்சம் எங்கே போகிறது? பந்தல், சீரியல் செட், ஆளுயர ஸ்பீக்கர், வாணவேடிக்கை, பூப்பல்லக்கு. சுவருக்குப் பணம் வேண்டுமென்றால் வாணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே? பத்து நிமிஷத்தில் புகையாகிற காசைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை நாமெல்லாம் பெருமையாகச் சொல்கிறோமே, ந. முத்துசாமி அதை 1977ல் தொடங்கியதற்கே புரிசைத் தம்பிரான்கள் என்ற கூத்துக் குடும்பத்தின் ஆட்டத்தைப் பார்த்து அவர் அசந்துபோனதுதான் காரணம். புரிசை உங்கள் செய்யாறுப் பக்கத்து ஊர்தான். அந்தப் பட்டறையிலிருந்து வந்த பசுபதிக்குத் தியேட்டரில் கை தட்டுகிறோம். மூலத்தைப் பார்க்க ஆள் இல்லை என்கிறோம். விஜய் சேதுபதி அங்கே முதலில் சேர்ந்தது கணக்கு எழுதுகிற வேலைக்கு. கணக்குப்பிள்ளைகளைக் கூத்து கைவிடுவதில்லை அண்ணே!

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.11

சிரித்துவிட்டேன். ஆனால் யாரோ ஒருவர் சினிமாவில் ஜெயிப்பார் என்பதற்காக ஊர் வரி கட்ட முடியாது. வாணம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதையும் நிறுத்துங்கள்.

முகவீணை | திங்கள், காலை 6.20

நான் ஜமாக்காரர் மகன். அப்பா முப்பது வருஷமாக முகவீணை வாசிக்கிறார். நான் ஐடிஐ முடித்துவிட்டு, சீசனில் மட்டும் ஆர்மோனியத்துக்குப் போகிறேன்.

ஒரு மணிக்கு நாற்பது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜம்தான். நாலு மணிக்கு எத்தனை பேர் என்று எண்ணினீர்களா? கூத்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கண் கொட்டாமல் பார்ப்பதற்குக் கட்டியது இல்லை. பத்து மணிக்குப் பார்ப்பார்கள், போய்ப் படுப்பார்கள், கோழி கூவும்போது மறுபடி வந்து உட்காருவார்கள். விட்ட கதையைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நக்கலோடு சேர்த்துச் சொல்லிவிடுவான். அதற்குத்தான் அவன். முக்கியமான கட்டமெல்லாம் விடியலை ஒட்டித்தான் வரும்.

ராத்திரிக்கு 32,000 என்றால் பெரிதாகத் தெரியும். ஜமாவில் பதினஞ்சு பேர். வேன் வாடகை, மேக்கப் சாமான், வாத்தியார் பங்கு எல்லாம் போக, கடைசி ஆள் கையில் வருவது ஒரு நாள் சித்தாள் கூலியைவிடக் கொஞ்சம் அதிகம். அதுவும் பங்குனியிலிருந்து ஆடிவரைதான். 2020, 2021 இரண்டு சீசனும் கொரோனாவில் போயிற்று. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்வது. தலையில் வைத்துக் கிறிக்கி அடிக்க (சுழன்று ஆட) வேண்டுமே, அதனால் கனமில்லாத மரம். இரண்டு வருஷம் பரணில் கிடந்ததில் வண்டு துளைத்துவிட்டது. எடுத்துத் தட்டினால் மாவு கொட்டியது. கண்ணாடிச் சில்லு மட்டும் அப்படியே இருந்தது. அப்பா அதைப் பெயர்த்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார்.

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007லேயே வந்துவிட்டது. அட்டை இருக்கிறது. அட்டை கிரீடம் செய்து கொடுக்காது.

மருதாணி | திங்கள், மதியம் 2.30

நான் வந்தவாசிப் பக்கம் பிறந்து சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கூத்து என்றால் பாஞ்சாலி துகிலுரிகிற ராத்திரிதான்.

துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரரே சபையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, இது கதைக்காகச் செய்வது, தாயே பொறுத்துக்கொள் என்பார். அதுவரை வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் தானாக எழுந்து நிற்கும். பாஞ்சாலி அந்த ராத்திரி கேட்கிற கேள்வியை மற்ற நாளில் எங்கள் ஊரில் ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டுவிட முடியுமா?

எங்கள் அத்தை ஒருத்தி. மாமா குடித்துவிட்டு அடிப்பார். ஊருக்கே தெரியும், ஒருவரும் பேச மாட்டார்கள். ஒரு வருஷம் துகில் முடிந்த காலை, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அத்தை சொன்னாள்: “அஞ்சு புருஷன் இருந்தும் அவளுக்கு வாய் திறக்க ஒருத்தன் இல்ல. எனக்கு ஒருத்தன்தானே, நான் எங்க போவேன்.” எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் பெரியம்மா முதல் முறையாக, “ராத்திரி அடிச்சா எங்க வீட்டுக்கு வந்துடு” என்றாள். மாமா திருந்தவில்லை. ஆனால் அத்தை இரண்டு தடவை பெரியம்மா வீட்டில் வந்து படுத்தாள். என் கண்ணால் பார்த்தது.

இன்னிசைக் கச்சேரி எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுநாள் குழாயடியில் பேச அதில் என்ன இருக்கும்? ‘அந்தப் பொண்ணு நல்லா பாடுச்சு’ என்பதைத் தவிர?

பாஞ்சாலி வேஷத்தைக்கூட ஆண்தான் கட்ட வேண்டும் என்கிற எரிச்சல் எனக்கு உண்டு. அது தனி இழை.

கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 3.15

சகோதரி, உங்கள் அத்தைக்குத் தேவை போலீஸ் ஸ்டேஷன்.

மருதாணி | திங்கள், மதியம் 3.22

ஸ்டேஷன் பதினாலு கிலோமீட்டர். பெரியம்மா வீடு அடுத்த தெரு.

லாரிஷெட் | திங்கள், இரவு 9.50

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் பக்கம் கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் உண்டு. செத்தவர் மோட்சம் போவார் என்று ஐதீகம். எனக்கும் அப்பாவுக்கும் நிலத் தகராறில் நாலு வருஷம் பேச்சு இல்லை. சேதி வந்தபோது லோடோடு ஹூப்ளியில் இருந்தேன். வந்து கொள்ளி வைத்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சொந்தக்காரர்கள் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதினைந்து நாளும் அழவில்லை.

கூத்து வைக்க எனக்கு இஷ்டமே இல்லை. அம்மா பிடிவாதம். வாசலில் இரண்டு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தாலி கட்டிய பொன்னுருவியே பிறப்பைச் சொல்லிக் கர்ணனை ஏசுகிறாள். மாறுவேஷத்தில் வந்த கிருஷ்ணன், செய்த புண்ணியத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான். விடிகிற நேரம் கர்ணன் விழுந்து கிடக்கிறான், குந்தி ஓடி வந்து தலையை மடியில் தூக்கி வைத்து, இத்தனை நாள் உன்னை மகனே என்று கூப்பிடாமல் இருந்தேனே என்று பாடுகிறாள். குந்தி வேஷக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைப் புடவை. கர்ணன் முகத்து அரிதாரம் வேர்வையில் கரைந்து அந்தப் புடவையில் சிவப்பாக இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை.

முடிந்த பிறகு அந்தக் குந்திக்காரர் வேஷத்தைக் கலைக்காமல் டீ குடித்துக்கொண்டு, “தம்பி, அப்பாவுக்கு வயசு என்ன?” என்றார். சொன்னேன். “என்னைவிட ரெண்டு வயசு சின்னவர்” என்றார். அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.20

லாரிஷெட், வருத்தமாக இருக்கிறது. என் அப்பா காரியத்துக்கும் கர்ண மோட்சம் வைத்தோம், நானும் பார்த்தவன்தான். ஆனால் அது உங்கள் வீட்டுச் செலவு. ஊரிடம் வரி போட்டு நீங்கள் அழவில்லை. நான் கேட்டது கூத்து நல்லதா கெட்டதா என்று இல்லை. யார் காசு என்பதுதான் கேள்வி. அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கிழக்குத்தெரு | செவ்வாய், காலை 7.45

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

380 தலைக்கட்டு என்று தம்பி எழுதியிருக்கிறார். அதில் காலனி வீடுகள் எத்தனை? ஒன்றுகூட இருக்காது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். எங்களிடம் வரி கேட்க மாட்டார்கள். கஷ்டப்படுகிறவர்கள் என்ற இரக்கத்தில் இல்லை. வரி வாங்கினால் பங்கு வந்துவிடும். சாமி எங்கள் தெருவுக்கு வர வேண்டும், பகாசுரன் சோற்று வண்டி எங்கள் வாசலிலும் நிற்க வேண்டும், பீமன் எங்கள் வீட்டுச் சோற்றையும் அள்ளித் தின்ன வேண்டும். அதனால் வாங்குவதில்லை. கொடியேற்றத்துக்குப் பறையடிக்க மட்டும் ஆள் வரச் சொல்வார்கள். கூத்துப் பார்க்க வந்தால் புளியமரத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் தாத்தா காலத்தில் கயிறே கட்டியிருந்தார்களாம். இப்போது கயிறு இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

2023ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் என்ன நடந்தது? அதுவும் திரௌபதி அம்மன் கோவில்தான். உள்ளே விடமாட்டோம் என்று தகராறாகி, அதிகாரிகள் கோவிலுக்குச் சீல் வைத்தார்கள். கலை ஊரை ஒன்று சேர்க்கிறது என்று எழுதும்போது எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கூத்தை வெறுக்கிறவன் இல்லை. கர்ணனின் பிறப்பைக் கேட்டுச் சபையில் அவமானப்படுத்தும் இடம் வரும்போது, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தைகூட இருமாது. அந்தக் கட்டத்தை எங்களைவிட நன்றாகப் பார்த்தவர்கள் யார்?

கூத்தா சுவரா என்று கேட்டால் நான் சுவர் என்பேன். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை முன்பெஞ்சில் உட்காருகிறது. கூத்துக் களரியில் இல்லை.

நெறியாளர் | செவ்வாய், காலை 9.00

மேலே உள்ள பதிவுக்கு வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் கணக்கு முடக்கப்படும். ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ என்ற வாட்ஸ்அப் பார்வர்டையும் எடுத்துவிட்டேன். இத்தோடு நாலாவது தடவை.

பூவரசு | செவ்வாய், காலை 11.30

கிழக்குத்தெரு சொன்னதைப் படித்துவிட்டு என் முதல் பதிவைத் திரும்பப் பார்த்தேன். பசுபதி, கூத்துப்பட்டறை என்று எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை என்பதுதான் நிஜம்.

மட்டுநகரான் | செவ்வாய், இரவு 8.10

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் ஜமா எண்டு ஒண்டு கிடையாது. கூத்து ஊர்ச் சனமே பழகி ஆடுறது. வடமோடி, தென்மோடி எண்டு இரண்டு வகை. கூத்துப் பழக்குற அண்ணாவியாரைக் கூப்பிட்டு, ஆர் ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பார்த்துச் சட்டம் (அந்தப் பாத்திரத்தின்ர பாட்டு, வசனம்) கொடுப்பினம். மாதக்கணக்கில ராவில பழக்கம். பிறகு சதங்கை அணிவிழா. அதுக்குப் பிறகுதான் வட்டக்களரி கட்டி அரங்கேற்றம். மத்தளமும் சல்லரியும் கேட்டா பக்கத்து ஊரே வரும்.

விடிய விடிய ஆடினாலும் சனம் எழும்பாது. ஏனெண்டா தன்ர மகன் எப்ப வருவான் எண்டு தாய் பார்த்துக்கொண்டு இருக்கிறா. பேராசிரியர் வித்தியானந்தன் 1962ல பேராதனைப் பல்கலைக்கழக மாணவரை வைச்சுக் கர்ணன் போர் போட்ட பிறகுதான், படிச்ச ஆக்களும் இதைத் திரும்பிப் பார்த்தவை. யுத்த காலத்தில ராவில வெளிக்கிடவே ஏலாது, எத்தினையோ ஊரில களரி கட்டாமல் வருசங்கள் போனது. திருப்பித் தொடங்கேக்க பழைய சட்டக் கொப்பி தேடித் திரிஞ்ச கதை எங்கட ஊரிலயும் இருக்கு. ஒரு வீட்டில அரிசிப் பானைக்குள்ள இருந்து எடுத்தம்.

எங்கட பக்கமும் சாதிப் பிரச்சினை இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா தம்பி, நீங்கள் கூத்தை வாங்கிப் பார்க்கிறீங்கள். ஒரு இரவாவது நீங்களே ஆடினா என்ன?

முகவீணை | செவ்வாய், இரவு 8.55

அண்ணே, நல்ல யோசனைதான். ஆனால் ஊர்ப் பையன்களே ஆடிவிட்டால் எங்கள் வயிறு? இங்கே இது தொழில். அடவு பழக இரண்டு வருஷம், குரல் கட்டிப் பாட அதற்கு மேல். மூன்று மாதத்தில் கிரீடம் வைத்துக்கொண்டு நின்றால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சரி, ஒன்று செய்யலாம். ஒன்பது ராத்திரி ஜமா ஆடட்டும். ஒரு ராத்திரி எங்கள் வாத்தியாரை வைத்துப் பழகி உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடட்டும். பழக்குகிற கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க எங்கள் வாத்தியாருக்கு ஆட்சேபம் இல்லை, கேட்டுவிட்டேன். மருதாணி அக்கா தனி இழை போட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 10.05

இது ஒரு கணக்கு. வாணத்தை நிறுத்தி, ஸ்பீக்கரைப் பாதியாக்கினால் தலைக்கட்டுக்கு 2,000 ரூபாயில் முடியும். அந்த 2,000த்தைக் காலனியிலும் வாங்க வேண்டும். விருப்பமில்லாதவரிடம் பிடுங்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. கொடுக்க விரும்புகிறவரிடம் வாங்க மறுப்பது அதைவிட மோசம். இதை நான் எழுதுவேன் என்று ஞாயிற்றுக்கிழமை நினைக்கவில்லை.

சுவர் பஞ்சாயத்தின் வேலை. அதற்குத் தனியாக மனு கொடுங்கள், மாதிரி நான் எழுதித் தருகிறேன்.

ஏரிக்கரையான் | அடுத்த ஞாயிறு, இரவு 11.30

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத ஆசைதான்.

வாணத்தை நிறுத்த ஒத்துக்கொண்டார்கள், ஆச்சரியம். போன வருஷம் வைக்கோல் போர் ஒன்று எரிந்தது, அந்தப் பயம். கூத்து எட்டு ராத்திரி என்று முடிவு. இரண்டு நாள் கச்சேரி. பையன்களை முழுக்க விட்டுக்கொடுக்க வைக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஆடுகிற யோசனைக்குச் சிரித்தார்கள், ஆனால் நான் எதிர்பார்க்காத ஒருத்தர், எங்கள் ரேஷன் கடைப் பெரியவர், சின்ன வயதில் அபிமன்யு வேஷம் கட்டியவராம், உட்கார்ந்த இடத்திலேயே திரை விருத்தம் (வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற பாட்டு) ஒன்றைப் பாடிவிட்டார். நடுவில் ஒரு அடி மறந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு நான் எழுந்து, காலனியிலும் வரி வாங்க வேண்டும் என்றேன். சத்தம் அடங்கிவிட்டது. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். தர்மகர்த்தா என்னை வெகுநேரம் பார்த்தார். “நீ போய்க் கேட்டுட்டு வா, கொடுப்பாங்களான்னு பார்ப்போம்” என்றார். சம்மதமா சவாலா என்று தெரியவில்லை. எங்கள் அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை.

நாளைக்கு நைட் ஷிப்ட். புதன்கிழமை காலையில் வரி நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கிழக்குத்தெரு | அடுத்த ஞாயிறு, இரவு 11.52

போகும்போது தெருமுனையில் நின்று கூப்பிட வேண்டாம் தம்பி. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து எழுதுங்கள். டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டு வாருங்கள்.

முகவீணை | திங்கள், காலை 6.05

எட்டு ராத்திரி எந்தத் தேதியிலிருந்து என்று சீக்கிரம் சொல்லுங்கள். சித்திரை கடைசி வாரம் வேறு ஊருக்கு ஆட ஒத்துக்கொண்டு தாம்பூலம் வாங்கிவிட்டோம்.